மூணாறு முன்ன மாதிரி இல்லையாம்!

லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். "மூணாறு முன்ன மாதிரி இல்லைங்க." இங்கே மஸ்கட்டில் நாலு குடும்பம் சேர்ந்தால் அதில் இரண்டு குடும்பமாவது மூணாறு போய் வந்திருக்கும். அறை வாடகை எங்கேயோ போய்விட்டது, மாட்டுப்பெட்டி ரோட்டில் வண்டி நகரவே இல்லை, கண்ணாடிப் பாலம், கயிற்றில் தொங்கிக்கொண்டு போவது, ராட்சத ஊஞ்சல் என்று மலையைச் சித்திரைப் பொருட்காட்சி ஆக்கிவிட்டார்கள்... பட்டியல் நீளும். போதாததற்கு 2025 பிப்ரவரியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் கண்ணாடி வைத்த மாடி பஸ் ஒன்றையும் அங்கே ஓட்ட ஆரம்பித்தது.

நானும் பழைய விருந்தாளிதான். சொந்த ஊர் போடி. முதல்முறை மேலே போனபோது பத்து வயது, 1988. அப்புறம் வங்கி வேலைக்கு வந்து போடியிலேயே ஏலக்காய்க் கடன் ஃபைல்களோடு சில வருடங்கள். அப்போது மாதம் ஒரு தடவையாவது போடிமெட்டு ஏறுவேன். கடல் தாண்டி வந்த பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மனைவி குழந்தைகளோடு. ஆகவே "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு, சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் எந்த "முன்ன"? அங்கேதான் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

ஊட்டியையும் கொடைக்கானலையும் பாருங்கள். ஊட்டியை 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க உருவாக்கினார். கொடைக்கானலில் 1845ல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியதும் அதே காரணத்துக்குத்தான். இரண்டும் விருந்தாளிக்காகவே பிறந்த ஊர்கள். மூணாறு அப்படியில்லை. அது ஒரு கம்பெனி ஊர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறு சேரும் இடம் என்பதால் அந்தப் பெயர்.

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சுமார் 227 சதுர மைல். கொடுத்தது 5,000 ரூபாயும் வருடத்துக்கு 3,000 ரூபாயும். (வங்கிக்காரன் கண்ணுக்கு இந்த மாதிரி எண்கள்தான் முதலில் படும், மன்னிக்கவும்!) 1880ல் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1895ல் ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது, 1897ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. 1964ல் டாடா ஃபின்லே, 1983ல் டாடா டீ, 2005ல் தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்ட புதுக் கம்பெனி. பெயர்ப்பலகை மாறினாலும் டவுனைச் சுற்றி உள்ள மலை ஒரே கையில்தான் இருந்தது.

இதில் எங்கள் ஊரின் பங்கை யாரும் பேசுவதில்லை, நான்தான் பேச வேண்டும். இன்று கொச்சியிலிருந்து ஏறுவதுதான் மூணாறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தேயிலை இறங்கியது எங்கள் பக்கம். 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908ல் அது இரண்டடி அகல ரயில் பாதையானது, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். டாப் ஸ்டேஷன் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். இப்போது அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்கள், இது என்ன ஸ்டேஷன், ரயில் எங்கே என்று கேட்பதே இல்லை. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1928ல் மதுரை - போடி ரயிலும் வந்தது. (அகலப் பாதையாக்க 2010 கடைசியில் மூடி, 2023 ஜூனில் திறந்தார்கள். அது தனிக் கதை.)

தேயிலை இறங்கிய அதே பக்கமாகத்தான் ஆட்கள் மேலே ஏறினார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்கள். அவர்களில் பெரும்பகுதி நிலமே இல்லாத தலித் மக்கள். காட்டை வெட்டியது, ரோடு போட்டது, செடி வைத்தது, கொழுந்து எடுத்தது எல்லாம் அவர்கள். (பாலாவின் 'பரதேசி' பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அந்தக் கதையின் மூலம் வால்பாறைப் பக்கம்.)

1924 ஜூலை பெருமழையில் ரயில், ரோடு, பாலம் எல்லாம் போனது. மலையாள வருடம் 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்கிறார்கள். ரயில் திரும்ப வரவே இல்லை. பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. கொச்சிப் பக்கம் இருந்த பழைய வழியும் காட்டுக்குள் அழிந்து, நேரியமங்கலம் வழியாகப் புது ரோடு போட்டார்கள். 1931ல் அது திறந்த பிறகு மூணாறின் முகம் மெல்ல மேற்கே திரும்பியது. 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று போராடியதும், அவை கேரளத்திலேயே நின்றதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

சரி, விருந்தாளிக்கு வருவோம்.

1988ல் நான் பார்த்த மூணாறு இதுதான். ஒரு சின்ன பஜார், சில லாட்ஜ்கள், ஒரு சர்ச், குளிர். ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்தரித்துவிட்ட மாதிரி பச்சை. என்ன அழகு, என்ன அமைதி என்று நாம் ஏங்கும் "முன்ன" அதுதான். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்த அமைதி இயற்கை கொடுத்ததல்ல. ஊரெல்லாம் கம்பெனி நிலமாக இருந்ததால், வேறு யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாததால் வந்த அமைதி. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், டெலிபோன் எல்லாவற்றிலும் கம்பெனியின் கை. துரைமார்களுக்கு ஹை ரேஞ்ச் கிளப் இருந்தது. கொழுந்து எடுத்தவர்களுக்கு லயம், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள். நாம் ரசித்த காட்சியில் அந்தத் தகரக் கூரைகளும் இருந்தன. போட்டோவில் அழகாகவே விழும்.

1990களில் கேரளச் சுற்றுலா வேகமெடுத்தது. விருந்தாளிகள் வந்தார்கள், விடுதிகள் வேண்டும், நிலம் எங்கே? 1971ல் கேரள அரசு சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் நிலங்களை எடுத்துக்கொண்டது. தேயிலைக்கு வேண்டியதென்று சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடம் விடப்பட்டது. டவுனில் கட்ட இடமில்லாததால் விடுதிகள் பள்ளிவாசல், சின்னக்கானல், ஆனச்சால் பக்கம் முளைத்தன. நாம் "மூணாறு ரிசார்ட்" என்று பணம் கட்டி, இறங்கிப் பார்த்தால் மூணாறு இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பது இதனால்தான் :-)

அந்த விடுதிகளில் பல செங்குத்தான சரிவில் நிற்கின்றன. பலவற்றின் பட்டயமே சந்தேகத்தில். 1999ல் தேவிகுளத்தில் ஒரு துணைத் தாசில்தார் கொடுத்த 530 பட்டயங்களை, கொடுக்க அதிகாரம் இல்லாதவர் கொடுத்தது என்று சொல்லி 2022ல் கேரள அரசு ரத்து செய்ய உத்தரவு போட்டது. இருபத்து மூன்று வருடம் கழித்து! பட்டயத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் 2007ல் முதல்வர் அச்சுதானந்தன் அனுப்பிய குழு ஜேசிபியோடு வந்து விடுதிகளை இடித்தது. டிவியில் அதை நேரலையாகப் பார்த்து நாமெல்லாம் கைதட்டினோம். சில வாரங்களில், அரசியல் கட்சி அலுவலகத்தின் மேல் கை வைத்ததும் வேகம் குறைந்து நின்றே போனது. 2010ல் மூணாறு பகுதியில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக ஒரு மாடியாவது என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இதெல்லாம் விருந்தாளியின் குறைகள், நியாயமான குறைகள். ஆனால் அங்கே இன்னொரு நீண்டகால விருந்தாளி உண்டு. நாலு, ஐந்து தலைமுறையாகத் தங்கியும் சொந்தமாக ஒரு சென்ட் இடம் இல்லாதவர். 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரச் சொன்னது, சொந்த வீடு தரச் சொல்லவில்லை. 58 வயதில் ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீடு கையில் நிற்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும். படித்த பெண்கள் கூடைக்குத் திரும்பியதற்கு இது ஒரு காரணம். பட்டயம் இல்லாதவருக்கு எந்த வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்கும்? போடியில் என் மேஜைக்கு எதிரே அப்படி வந்து உட்கார்ந்து, ஃபாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. முப்பது வருட வேலை, தவறாத சம்பளம், ஆனால் அடமானம் வைக்க ஒன்றுமில்லை. அதே மலையில் சந்தேகப் பட்டயத்தின் மேல் ஐந்து மாடி எழும்பிய காலம் அது.

2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முந்தைய 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைந்ததுதான் தீப்பொறி. தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடாமல், "பெண்பிள்ளை ஒருமை" என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் திரண்டு ஒன்பது நாள் மூணாறை நிறுத்திவைத்தார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அவர்கள் கேட்ட 500 ரூபாய் தினக்கூலி கிடைக்கவில்லை, பிறகு 301 ஆனது. அப்போது கூலி 232 ரூபாய். 26 நாளுக்குப் போட்டுப் பாருங்கள், 6,032. அந்த வருட டிசம்பரில் நான் ஒரு இரவு அறைக்குக் கொடுத்தது 7,500. காலைச் சாப்பாடு உள்பட!

2018 குறிஞ்சி வருடம். பன்னிரண்டு வருடம் கழித்து மலை நீலமாகும் என்று எல்லோரும் டிக்கெட் போட்டோம். ஆகஸ்ட் வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோனது. பள்ளிவாசலில் ஒரு பெரிய விடுதியில் மண் சரிந்து சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதும், வெளிநாட்டுக்காரர்களும் அதில் இருந்ததும், ராணுவம் போய் மீட்டதும் அன்று நாடு முழுக்கச் செய்தி.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை இறங்கி நாலு லயங்களை மூடியது. 70 பேர். கரண்டும் போனும் இல்லாததால் வெளியுலகுக்குத் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்து வேர்கள் உள்ள குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. அதில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு அறிவித்திருந்தது 5 லட்சம். இது ஏன் என்று அப்போதே பலர் கேட்டார்கள். விமானத்தில் இருந்தவர்கள் நம்மைப் போல வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள். அவர்கள் உயிருக்கு அவ்வளவு கொடுத்தது தப்பென்று யார் சொல்வார்கள்? லயத்து உயிருக்குப் பாதி என்றதுதான் நெஞ்சில் தங்கிவிட்டது.

2021ல் தேவிகுளம் தொகுதியில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஏ. ராஜா ஜெயித்து, சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். தனித் தொகுதியில் நிற்கத் தகுதி இல்லை என்று வழக்கு. 2023ல் உயர் நீதிமன்றம் வெற்றி செல்லாது என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. மதம், சாதி பற்றிய சட்ட நுணுக்கங்களுக்குள் நான் போகவில்லை. அந்த வழக்கில் எழுந்த ஒரு கேள்வியை மட்டும் கவனியுங்கள். அவருடைய தாத்தா பாட்டி காலத்தில் குடும்பம் மலைக்கு வந்தது 1950க்கு முன்பா, பின்பா? இத்தனை தலைமுறை கழித்தும் எப்போது வந்தாய் என்ற கேள்வி தொடர்கிறது. பாஸ்போர்ட்டில் ரெசிடென்ட் முத்திரையோடு வாழும் நமக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். நமக்காவது திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறது.

இந்த நெரிசல், கண்ணாடிப் பாலம் எல்லாம் லயத்துப் பிள்ளைகளுக்குக் கெடுதலா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஜீப் ஓட்டுவது, விடுதியில் வரவேற்பில் நிற்பது, சாக்லேட் கடை, வழிகாட்டி என்று எஸ்டேட் பேரேட்டுக்கு வெளியே அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலைகள் விருந்தாளிகளால் வந்தவை. போன முறை எங்களைக் கொழுக்குமலைக்கு ஏற்றிப் போன ஜீப் டிரைவர் தம்பியிடம் வழக்கம்போல "முன்ன மாதிரி இல்லையே" என்றேன். "உங்களுக்கு அப்படி இருக்கும் சார். எங்கப்பாவுக்கு இந்த ரோட்டுல ஒரே ஒரு வேலைதான் இருந்துச்சு" என்றார். மலை தாங்குமா என்பது வேறு கேள்வி, 2018லும் 2020லும் பார்த்துவிட்டோம். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்திருக்கிறார்கள். அந்த வேலை நடந்தபோது கேப் ரோடு எத்தனை தடவை சரிந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு வேலியில் அரசு நிலம் கொடுக்க, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. எழுபது உயிர் போன பிறகு எட்டு வீடு. அடுத்த குறிஞ்சி 2030ல். அறைக்கு இப்போதே விசாரிக்கிறார்கள் என்று இங்கே ஒரு நண்பர் சொன்னார். மற்ற லயங்களில் இருப்பவர்கள் வீடும் சொந்த இடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.