எந்தப் படம் டாக்டர்?

1) நேத்து ராத்திரி மேல்பட்டாம்பாக்கத்துல கிளினிக் மூடுற நேரம். போன்ல வயலின் ஓடிட்டு இருந்துது. கடைசியா மருந்துச் சீட்டு வாங்கின தம்பி கேட்டார்: "நல்லாருக்கே, எந்தப் படம் டாக்டர்?" படமே இல்லப்பான்னு சொன்னா நம்பல. அவருக்காகத்தான் இந்த த்ரெட்.

2) அது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம். வந்தது 1986-ல். படம் கிடையாது, பாட்டு வரி கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம். முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன்.

3) இதுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடி இத்தாலியில ஒரு அலை அடிச்சுது. ஆபரா பிறந்த நாட்டுப் பசங்க, தங்கள் செவ்வியல் இசையை ராக்கோடு கலந்தாங்க. மிலான் நகரத்து பி.எஃப்.எம். குழு 1972-ல் மட்டும் இரண்டு ஆல்பம் போட்டது. கிட்டார், டிரம்ஸ் நடுவுல வயலினும் புல்லாங்குழலும்!

4) வெளிநாட்டுக்குப் போக 1973-ல் அவங்க பாட்டுக்கு ஆங்கில வரி எழுத வேண்டி வந்தது. நம்ம ராஜா 86-ல் வரியையே எடுத்துட்டார்.

5) அந்தப் பசங்களுக்கு ஆல்பம் வாங்கிக் கேட்க ரசிகர்கள் இருந்தாங்க. இங்கே 1976 'அன்னக்கிளி'யிலிருந்து ராஜா செஞ்ச சோதனைகளில் பெரும்பாலானவை சரணத்துக்கு முன்னாடி வர்ற சில நொடி இசைக்குள்ளதான் அடங்கணும். ஹீரோயின் ஓடி முடிக்கிறதுக்குள்ள இசையும் முடியணும்!

6) இந்த ஆல்பத்துல அந்த அவசரம் இல்லை. ஒரு தடத்தின் தலைப்பு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்'. அடுத்தது, 'பேசிக்கொண்டோம்'. பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. நேர்ல பார்க்க வழியே இல்லாத ரெண்டு பேரை ஒரே வீட்டுல உட்கார வைக்கிறார்.

7) சாத்தியமான்னு கேட்டா, பாலம் ஏற்கெனவே இருக்கு. வயலினே ஐரோப்பாவுலேர்ந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கத்துக்கிட்டு கர்நாடக இசைக்குள்ள கொண்டு வந்தார். அவங்க மேஜர் ஸ்கேலும் நம்ம சங்கராபரணமும் ஒரே ஏழு ஸ்வரம்தான். கமகம் சேரும்போது முகமே மாறிடும்.

8) இன்னொரு தடம் 'ஃபியூக்' வடிவம். ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். அது போயிட்டே இருக்கும்போது இன்னொரு குரல் அதே மெட்டை வேற சுருதியில பிடிச்சுக்கும். திண்ணையில நாலு பேர் ஒரே சேதியைப் பேசுற மாதிரி. ஒருத்தர் பேச்சும் அமுங்காது.

9) வேடிக்கை என்னன்னா, இதே இசையை பாலுமகேந்திரா 1988-ல் 'வீடு' படத்துக்குப் பின்னணியா எடுத்துக்கிட்டார். அருமையாப் பொருந்துச்சு. ஆனா சினிமா இல்லாம வந்த இசையையும் கடைசியில சினிமா வழியாத்தான் நிறைய பேர் கேட்டோம்.

10) தம்பி கேட்டது தப்பில்லை. இசைன்னா படம்னுதான் நாம எல்லாருமே வளர்ந்தோம். ஒரு மருந்துச் சீட்டு எழுதறேன்: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், போனைக் கவுத்து வெச்சுட்டு, முதல் தடத்துலேர்ந்து வரிசையா ஒருமுறை. பக்கவிளைவு இல்லை. கேட்டுட்டு வந்து சொல்லுங்க.