மின்தடைத் தட்டு உணரி

மின்தடைத் தட்டு உணரி (ஆர்.பி.சி.) என்பது மின்மம் தாங்கிய துகள்களைக் கண்டறியும் ஒரு வளிம உணரி ஆகும். இதன் மின்முனைகள் உலோகத்தால் அன்றி, கண்ணாடி, பேக்கலைட்டு போன்ற உயர் மின்தடைப் பொருள்களால் ஆனவை. உள்ளே மின்பொறி எழுந்தாலும் அது தோன்றிய இடத்திலேயே அடங்குவதற்கு இத்தடையே காரணம். தேனி மாவட்டத்தில் ஓடைப்பட்டி, தேவாரம் ஆகிய ஊர்கள் அடங்கிய உத்தமபாளையம் வட்டத்தில், பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் (ஐ.என்.ஓ.) முதன்மைக் கருவிக்கு இவ்வகை உணரிகளே தேர்ந்தெடுக்கப்பட்டன.

மின்பொறிச் சிக்கல்

இணையான இரு தட்டுகளுக்கு இடையே வளிமம் நிரப்பி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், ஊடுருவும் துகள் வளிமத்திலிருந்து எதிர்மின்னிகளைப் பிரிக்கும். அவை விரைவுற்று மேலும் பல எதிர்மின்னிகளைப் பிரித்துப் பெருகும். பெருக்கம் எல்லை மீறினால் மின்பொறி உண்டாகும். 1940களின் இறுதியில் கெஃபெல் உருவாக்கிய உணரியின் தட்டுகள் உலோகத்தால் ஆனவை. உலோகத்தில் மின்மம் எளிதில் ஓடுவதால், ஒரு புள்ளியில் எழும் பொறியின் வழியே தட்டு முழுவதிலும் தேங்கிய மின்மம் வெளியேறிவிடும். தட்டின் பரப்பு சேதமடையலாம். மின்னழுத்தம் மீளும் வரை உணரி முழுவதும் செயலற்றிருக்கும். தட்டு பெரிதாகும்தோறும் பொறியின் ஆற்றலும் கூடும்.

1970களில் நோவோசிபிர்சுக்கில் யூரி பெசுத்தோவ் குழுவினர் மின்தடைக் கண்ணாடியைக் கொண்டு இதற்குத் தீர்வு கண்டனர். ஆயினும் அவர்களின் உணரிக்கு மிக நுண்ணிய இடைவெளியும் உயர் அழுத்த வளிமமும் தேவைப்பட்டன. இத்தாலியின் சாந்தோனிக்கோ, கார்தரெல்லி இருவரும் 1981இல் பேக்கலைட்டுத் தட்டுகளுடன், இயல்பான வளியழுத்தத்தில் இயங்கும் எளிய வடிவத்தை வெளியிட்டனர். இன்றைய உணரிகள் இதன் வழிவந்தவை.

தடை காக்கும் முறை

சாதாரணக் கண்ணாடியின் தடைமை ஏறத்தாழ 10¹² ஓம்-செ.மீ. ஆகும். மின்னிறக்கம் சில பத்து நானோ நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் இழந்த மின்மம் கண்ணாடியின் ஊடே வந்து சேர ஒரு நொடியளவு காலம் பிடிக்கும். எனவே பொறி எழுந்த இடத்தில் மட்டும் மின்புலம் சரிந்து, பொறி தானே அணைகிறது. பாதிக்கப்படும் பரப்பு ஒரு சதுர செ.மீ.க்கும் குறைவு, எஞ்சிய பகுதி தொடர்ந்து இயங்கும்.

கண்ணாடியின் வெளிப்புறம் மின்னழுத்தம் அளிக்க மெல்லிய கிராஃபைட்டுப் பூச்சு இடப்படுகிறது. இப்பூச்சும் போதிய தடையுள்ளதாக இருத்தல் வேண்டும். உலோகப் பூச்சாயின் உள்ளே எழும் குறிகையை மறைத்துவிடும். வெளியே உள்ள செப்புப் பட்டைகளில் எதுவும் பதிவாகாது.

இக்காப்புக்கு ஒரு விலை உண்டு. மீள்வதற்கு நேரம் பிடிப்பதால், சதுர செ.மீ.க்கு நொடிக்குச் சில நூறு துகள்களுக்கு மேல் வந்தால் கண்ணாடி உணரி திணறும். ஆகவே செர்னின் சி.எம்.எசு. கருவியில் தடை குறைந்த பேக்கலைட்டு பயன்படுகிறது. மலைக்கு அடியிலோ துகள்களின் வரவு மிகச் சொற்பம். அங்கு இம்மந்தம் ஒரு குறையே அன்று.

தடை மட்டும் போதாது, வளிமமும் பொருந்தி வரவேண்டும். ஐ.என்.ஓ. உணரிகளில் குளிர்பதனப் பொருளான ஆர்-134ஏ சுமார் 95 விழுக்காடும், ஒளியை உறிஞ்சும் ஐசோபியூட்டேன் 4.5 விழுக்காடும், எதிர்மின்னிகளைப் பிடித்துக்கொள்ளும் கந்தக எக்சாபுளோரைடு 0.3 விழுக்காடும் கலக்கப்படுகின்றன. ஈரம் புகுந்தால் புளோரின் சேர்மங்கள் அமிலமாகிக் கண்ணாடியை அரிக்கும். சப்பானின் பெல் ஆய்வில் நெகிழிக் குழாய்கள் வழியே ஈரம் கசிந்து உணரிகள் பழுதுற்றன. பின்னர் செப்புக் குழாய்கள் பொருத்தப்பட்டன.

ஐ.என்.ஓ.வும் மதுரையும்

திட்டப்படி 50,000 டன்னுக்கும் மேற்பட்ட காந்தமூட்டிய இரும்புத் தகடுகளுக்கு இடையே, ஏறக்குறைய 2 மீட்டர் பக்க அளவுள்ள சுமார் 28,800 கண்ணாடி உணரிகள் அமையவேண்டும். இத்தனை உணரிகளுள் ஒவ்வொரு பொறியும் ஓர் உணரியை முழுதும் முடக்குமாயின் கருவி பயன்படாது. 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலும் நீர்வளமும் பாதிக்கப்படும் என உள்ளூர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தனர், வழக்குகள் தொடர்ந்தன. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்தை அனுமதிக்க விருப்பமில்லை என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதே உணரிகளைக் கொண்டு 85 டன் எடையுள்ள சிறு முன்மாதிரிக் கருவி மதுரையில் கட்டப்பட்டு, 2018இல் இயங்கத் தொடங்கியது. 11 இரும்பு அடுக்குகளுக்கு இடையே 10 உணரி அடுக்குகள் கொண்ட இது நிலத்தின் மேலேயே இருப்பதால், வானிலிருந்து வரும் மியூவான்களைப் பதிவு செய்கிறது.