சாம்பியாவின் கலூஷா

பந்தை உதைக்கத் தெரிந்தவருக்குச் சங்கத்தை நடத்தத் தெரியுமா என்ற கேள்வி விளையாட்டுலகில் மிகப் பழையது. ஆப்பிரிக்காவிலுள்ள சாம்பியா நாட்டின் கலூஷா புவாலியாவின் வரலாறு அதற்கு எளிய விடை எதனையும் தருவதன்று.

செப்புச் சுரங்க நகரான முபுலிராவில் 1963ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் சாம்பியா இத்தாலியை 4-0 என வென்றபோது, அந்நான்கனுள் மூன்று கோல்கள் அவருடையவை. ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவ்வாண்டே அவரை வந்தடைந்தது.

1993 ஏப்ரல் 27ஆம் நாள், உலகக் கோப்பைத் தகுதியாட்டத்திற்காகச் சாம்பியக் குழு செனகலுக்குப் புறப்பட்டது. சங்கத்திடம் பொருள் இல்லை. எனவே விமானப்படையின் சிறு விமானமொன்றில் சென்றனர். வழிநெடுக இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டே செல்லவேண்டிய விமானம் அது. காபோன் நாட்டின் தலைநகரான லீப்ரவீலை விட்டெழுந்த சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்தது. ஆட்டக்காரர் 18 பேர் உட்பட 30 பேரும் மாண்டனர். அணித்தலைவரான கலூஷா அப்போது ஹாலந்தில் ஆடிவந்தார். தனியே செனகல் சென்று குழுவுடன் சேர்வதாக இருந்தமையால் அவர் உயிர் தப்பினார். வறுமைப்பட்ட நிர்வாகம் ஆட்டக்காரருக்கு எத்தகைய கேடு விளைக்கக்கூடும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

மறு ஆண்டே, புதிய இளைஞரைக் கொண்ட அணியுடன் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டினார். நைஜீரியாவிடம் 2-1 எனத் தோற்க நேர்ந்தது. பின்னர்ப் பயிற்சியாளரானார். 2004இல் லைபீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில், 41 வயதில் தாமே மாற்றாளாக இறங்கி வெற்றிக் கோலையும் அடித்தார்! பயிற்சியாளர் செய்யவேண்டிய வேலைதானா அது என்று கேட்கலாம். கண்ட மக்கள் கேட்கவில்லை.

2008இல் சாம்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். 2010இல் விலகிப்போன பிரெஞ்சுப் பயிற்சியாளர் எர்வே ரெனாரை அவரது சங்கம் 2011இல் மீண்டும் அழைத்துக்கொண்டது. கோலடித்தவரை உலகம் நினைவில் வைக்கும். தக்க பயிற்சியாளரைத் தேடிக் கொணர்ந்தவரை அவ்வளவாக நினைப்பதில்லை. 2012ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டம் நிகழ்ந்த ஊர், அதே லீப்ரவீல்! ஆட்டத்திற்கு முன்பு வீரர்கள் கடற்கரைக்குச் சென்று, மாண்டோர்க்கு மலரஞ்சலி செய்தனர். பலம் மிகுந்த ஐவரி கோஸ்ட் அணியுடன் கோலின்றி முடிந்த அவ்வாட்டத்தைப் பெனால்டி உதைகளில் 8-7 என வென்று, சாம்பியா முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது.

அப்புகழும் பதவியைக் காக்கவில்லை. 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் கலூஷா தோற்றார். விதிக்குப் புறம்பாகப் பரிசு பெற்றார் என்று 2018இல் உலகக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கு இரண்டாண்டு விலக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.