மயிரிழையின் மறைபொருள்

தலையினின்றும் உதிர்ந்த மயிருக்கு மதிப்பில்லை என்பது உலக வழக்கு. ஆயினும், உயிர்ப்பொருள்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிய முயன்ற விஞ்ஞானிகள் தொடக்கத்திலேயே ஆராய்ந்த பொருள்களுள் மயிரும் ஒன்றாகும்.

1926ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே சேர் வில்லியம் பிராக் என்னும் பேரறிஞர், தமது சொற்பொழிவொன்றின் பொருட்டு, மயிர், கம்பளி முதலிய நார்களை எக்ஸ் கதிர் கொண்டு படம்பிடித்துத் தருமாறு வில்லியம் அஸ்ற்பரி என்னும் இளைஞரிடம் கேட்டார். மட்பாண்டத் தொழிலாளி ஒருவரின் மைந்தராகிய அஸ்ற்பரி, 1928இல், கம்பளி நெசவுக்குப் பேர்பெற்ற லீட்ஸ் நகரின் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களினூடே செல்லும் எக்ஸ் கதிர் சிதறிப் படத்தாளிற் புள்ளிகளையும் வளைவுகளையும் பதிக்கும். அவற்றை அளந்தால் அணுக்களின் அடுக்குமுறை புலனாகும். இயல்பான மயிரிலே 5.1 அங்ஸ்ற்றொம் அளவில் ஓர் அமைப்புத் திரும்பத் திரும்ப வருவதை அஸ்ற்பரி கண்டார். அங்ஸ்ற்றொம் என்பது ஒரு சென்ரிமீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஈரமான மயிரை இழுத்து நீட்டியபோது படம் வேறாயிற்று. இழுவை நீங்கி மயிர் சுருங்கியதும் பழைய படமே மீண்டது. எனவே, மயிரிலுள்ள கெரற்றின் என்னும் புரதம் மடிந்து கிடக்கும் ஒரு சங்கிலி என்றும், இழுக்கும்போது அது நிமிர்கின்றது என்றும் அவர் முடிவுசெய்தார். மடிந்த நிலையை அல்பா என்றும் நிமிர்ந்த நிலையை பீற்றா என்றும் பெயரிட்டார்.

சங்கிலி மடிந்துள்ளது என்பது உண்மையே. ஆனால் எவ்வாறு மடிந்துள்ளது என்பதிலே அவர் தவறினார். 1948இல் ஒக்ஸ்போட்டிலே நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த அமெரிக்க இரசாயன அறிஞர் லைனஸ் போலிங், புரதச் சங்கிலியைக் காகிதத்தில் வரைந்து, அதனை மடித்துச் சுருட்டிப் பார்த்தார். அது சுருளாக அமைந்தது. எனினும் அச்சுருளின் ஒரு சுற்று 5.4 அங்ஸ்ற்றொம் ஆகவே, அஸ்ற்பரியின் அளவோடு பொருந்தவில்லை. இச்சிறு வேறுபாட்டினாற் போலிங் தயங்கினார். 1951இலேதான் தம் முடிவை வெளியிட்டார். மறுவருடம் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பிரான்சிஸ் கிரிக், கயிற்றின் புரிகள் போல இச்சுருள்கள் ஒன்றையொன்று தழுவி முறுக்குண்டு சாய்ந்திருப்பதனாலேயே அளவு குறைந்து தோன்றுகின்றது என விளக்கினார். போலிங்கும் அதே கருத்தை அடைந்தார். அஸ்ற்பரி கருதிய மடிப்பு பிழையாயிற்று. அவர் அளந்த அளவோ பிழைக்கவில்லை.

இத்துடன் மயிரின் கதை முற்றுப்பெறவில்லை. ஒழுங்கற்ற பொருளை எக்ஸ் கதிர் தெளிவாகக் காட்டாது. சீமெந்துத் தளத்தினுள் இரும்புக் கம்பிகள் பதிந்திருப்பதுபோல, கெரற்றின் இழைகள் வேறு புரதங்களாலாகிய ஒரு பொருளினுட் பதிந்துள்ளன. கம்பிகள் படத்தில் தெரிந்தன. சீமெந்து மறைந்தே கிடந்தது. கெரற்றினைச் சார்ந்த புரதங்கள் எனப்படும் அவற்றுட் பல, கந்தகம் மிகுந்தவை. கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து பாலங்களாகி மயிருக்கு உறுதியளிக்கின்றன. கூந்தலை நிலையாகச் சுருட்டும் முறையில் உடைத்து மீளப் பிணைக்கப்படுபவை இப்பாலங்களே.

இவற்றை இரசாயன முறையால் உடைத்துக் கெரற்றினைக் கரைக்கலாம் என்பதை 1934இல் கொடாட், மிக்கேலிஸ் ஆகிய இருவரும் காட்டினர். பின்னர் அவுஸ்திரேலியக் கம்பளி ஆராய்ச்சியாளர் அக்கரைசலிலுள்ள புரதங்களை இனம் இனமாகப் பிரித்தனர். ஆயினும் ஒன்றையொன்று ஒத்த பல புரதங்கள் கலந்திருந்தமையால், ஒவ்வொன்றையும் தனித்தெடுத்தல் அரிதாயிற்று.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1973இல் அமெரிக்க விஞ்ஞானிகளான கோகனும் போயரும், வெட்டி இணைத்த பரம்பரைப் பொருளைப் பற்றீரியாவினுட் புகுத்திப் பெருக்கிக் காட்டினர். 1978இல் இவ்வழியால் மனித இன்சுலின் ஆக்கப்பட்டது. 2001இல் மனிதப் பரம்பரைத் தொகுதியின் முதல் வரைவு வெளிவந்தது. அதையடுத்து, மயிரின் இச்சார்புப் புரதங்களுக்கு ஏறத்தாழ நூறு பரம்பரையலகுகள் உள்ளன என்பதும், அவை 17ஆம், 21ஆம் நிறமூர்த்தங்கள் முதலிய சில இடங்களிற் கூட்டமாக உள்ளன என்பதும் தெரியவந்தன.

இன்று அவற்றுள் வேண்டிய ஒன்றைப் பற்றீரியாவினுட் புகுத்தி, அது ஆக்கும் புரதத்தைத் தூய்மையாக்கி, ஆய்வுகூடங்களுக்கென வழங்குகின்றனர். அது மருந்துமன்று, கூந்தல் தைலமுமன்று. கலவையிற் கிடைக்காத தனிப்புரதம் ஒன்றை ஆராய்வதற்கு உதவும் கருவியே அது. கந்தகம் மிகுந்த இப்புரதங்கள், மயிரிலே உறுதி தரும் அதே பிணைப்பினால், குழாயிலே திரண்டு கட்டியாகிவிடுதலும் உண்டு. அவற்றைக் கரைந்த நிலையில் வைத்திருப்பதே ஒரு தனித்திறன்.

அஸ்ற்பரி 1961இற் காலமானார். ஒழுங்குள்ள இழையை அவர் படம் காட்டிற்று. அதனைச் சூழ்ந்திருந்த பொருளின் புரதங்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து ஆராயும் வாய்ப்போ அவருக்குப் பின் வந்தோர்க்கே கிட்டியது.