ஐந்து மாத நிபந்தனை

வன்கொடுமைப் புகார் என்றால் முதலில் விசாரணை, பிறகுதான் வழக்கு என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லின் வரலாற்றை நாம் தேடிப் பார்க்க வேண்டும்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுதான் முதல்நிலை விசாரணைக்கு வழி திறந்தது. கைதுக்கும் முன்அனுமதி கேட்டது. ஏப்ரல் 2 அன்று தலித் மக்கள் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள். உயிர்கள் பலியாயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. வழக்குப் பதிய முதல்நிலை விசாரணையும் தேவையில்லை, கைதுக்கு முன்அனுமதியும் தேவையில்லை என்கிறது அந்தப் பிரிவு. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே தன் பழைய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று 18ஏ செல்லும் என்றது.

ஆக, அந்த நிபந்தனையின் ஆயுள் ஐந்து மாதம். ஆனால் 2018 மார்ச் தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு அது இன்றும் சட்டம்தான்.

ஆகவே தோழர்களே, துண்டறிக்கை அச்சிடும் முன் மூன்றைப் பார்ப்போம். பிரிவு எண் என்ன? தீர்ப்பின் தேதி என்ன? அதன்பின் திருத்தமோ மறுசீராய்வோ வந்ததா? உயிர் கொடுத்து மீட்ட உரிமையை, காலாவதியான ஒரு தாளை நம்பி நாம் இழக்கக் கூடாது.