விமானத்தின் மூன்றாம் சக்கரம் இடம் மாறிய கதை



விமானம் தரையைத் தொட்டுவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். 1930களில் சிறு விமானம் ஓட்டியவர்களுக்கு ஆபத்து அதன்பிறகும் இருந்தது.

அன்றைய விமானங்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் இரண்டு சக்கரங்கள், வாலடியில் ஒரு கட்டை. புல்வெளியில் இறங்க அது தோதானது. வால்கட்டை மண்ணைக் கீறிக்கொண்டே வந்து விமானத்தை நேராக வைத்திருக்கும். கெட்டியான ஓடுபாதையும், கட்டைக்குப் பதிலாக வால்சக்கரமும் வந்தபின் அந்தப் பிடிப்பு குறைந்தது.

சிக்கல் எங்கே? இந்த அமைப்பில் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பொம்மைக் காரைக் கயிறு கட்டி இழுத்தால் நேராக வரும். பின்னாலிருந்து குச்சியால் தள்ளினால் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதுபோல, பக்கக்காற்றில் மூக்கு லேசாகத் திரும்பினாலும் பின்னாலுள்ள எடை அதை மேலும் திருப்பும். வேகம் குறையக் குறைய வால் சுக்கானும் வலுவிழக்கும். விமானம் சட்டென்று சுழன்று, இறக்கை தரையில் உரசும், சக்கரக்கால் முறியும். இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர்.

தரையிலிருந்து கிளம்பும்போதும் இது நேரும். 1937 மார்ச் 20 அன்று ஹவாயின் லூக் ஃபீல்டில் அமெலியா இயர்ஹார்ட்டின் எலெக்ட்ரா விமானம் இப்படித்தான் சுழன்று சேதமானது. பழுது பார்த்தபின், மேற்குக்குப் பதில் கிழக்கு நோக்கி உலகப் பயணத்தைத் தொடங்கினார். ஜூலை 2 அன்று பசிபிக் கடல்மீது காணாமல் போனார்.

விமானியின் திறமையை மட்டும் நம்பியிராமல் இயந்திரத்தையே மாற்ற முனைந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக். அரசு வானூர்தி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 1934இல் சக ஊழியர்களோடு சொந்த நேரத்தில் 'டபிள்யூ-1' என்ற விமானத்தை உருவாக்கினார். மூன்றாம் சக்கரம் மூக்கடிக்கு வந்தது. இப்போது எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால். விமானம் திரும்பினாலும் எடையே அதை நேராக்கும். கிளென் கர்டிஸின் ஆரம்பகால விமானங்களிலும் முன்சக்கரம் உண்டு. வைக் அதற்கு மறுவாழ்வு தந்தார்.

1937இல் அவருடைய எர்கூப் விமானம் பறந்தது. 1956இல் செஸ்னா நிறுவனம் வால்சக்கரம் கொண்ட 170க்குப் பதிலாக மூக்குச்சக்கரம் கொண்ட 172ஐக் கொண்டுவந்தது. இதுவரை 44,000க்கும் மேல் தயாரான அதுவே உலகில் மிக அதிகம் கட்டப்பட்ட விமானம்.

ஒரே படியில் பலர் தடுக்கி விழுந்தால், விழுந்தவர்களைத் திட்டுவதோடு நிற்காமல் படியையும் பார்க்க வேண்டும். வைக் படியைப் பார்த்தவர்.