விண்ட்சர் கோட்டைக் கம்பளமும் ஆக்ரா ஜெயில் டாக்டரும்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. நைட் டூட்டி முடிஞ்சு தட்டாஞ்சாவடி வீட்டுக்கு வந்து, தூக்கம் வராம உட்கார்ந்து எழுதுறேன். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

போன வாரம் ஓ.பி.யில ஒருத்தர் வந்தார். ரெண்டு பக்கமும் போலீஸ். தண்டனைக் கைதி. ரெண்டு மாசமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல். சளி டெஸ்ட், எக்ஸ்ரே எழுதிட்டு எடை மெஷின்ல ஏறச் சொன்னேன். 46 கிலோ. "முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?"ன்னு கேட்டா அவருக்குத் தெரியல. எஸ்கார்ட் வந்தவர் மட்டும் பணிவா ஒண்ணு கேட்டார்: "தோட்ட வேலை பாக்குறவரு டாக்டர். வேலைக்கு அனுப்பலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துடுங்க."

ஒரு வார்த்தைதானேன்னு பேனாவை எடுத்தேன். ஆனா அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஒரு 180 வருஷக் கதை இருக்கு. அதுல கம்பளம் இருக்கு, மகாராணி இருக்காங்க. பக்கத்துக்குப் பக்கம் டாக்டர்களும் இருக்காங்க.

இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டைன்னு ராஜகுடும்பத்தோட அரண்மனை. அதுல வாட்டர்லூ மண்டபம். நெப்போலியனை ஜெயிச்சதைக் கொண்டாடக் கட்டினது. அங்கே தரையில விரிச்சிருக்கிற கம்பளம் கிட்டத்தட்ட 80 அடி நீளம், 40 அடி அகலம். எடை 2 டன்னு சொல்றாங்க. நடுவுல ஒட்டோ தையலோ கிடையாது. ஒரே துண்டு. அப்படி ஒட்டில்லாத கம்பளங்கள்ல உலகத்துலயே பெரியது இதுவாத்தான் இருக்கும்னு ஒரு கருத்து உண்டு. 1992 நவம்பர் 20ல் கோட்டை தீப்பிடிச்சப்போ, இதைச் சுருட்டி வெளியே தூக்கிட்டு வர 50 ராணுவ வீரர்கள் வேண்டியிருந்தது.

நெய்தது யாரு? ஆக்ரா மத்திய சிறைக் கைதிகள். விக்டோரியா ராணியோட பொன்விழாவை ஒட்டி.

(இணையத்துல சில பேர் இதை ஜபல்பூர் 'தக்'குகள் நெய்ததுன்னு எழுதுறாங்க. வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னதா பிரிட்டிஷ்காரங்க பிடிச்சவங்கதான் இந்த தக்குகள். ஜபல்பூர்ல அவங்களை வெச்சு 1830களிலேயே ஒரு தொழிற்பள்ளி நடந்தது, அங்கேயும் கம்பளம் நெய்தாங்க. அது உண்மை. ஆனா இந்தக் கம்பளம் ஆக்ரா.)

நம்ம ஊரு ஜமக்காளம் பாவும் ஊடையுமா தட்டையா நெய்றது. கம்பளம் அப்படி இல்ல. பாவு நூல்ல ஒவ்வொரு முடிச்சா கையால போட்டு, நுனியை வெட்டி, வரிசை முடிஞ்சதும் தட்டி இறுக்கணும். நாம பேச்சுக்கு "ரத்தினக் கம்பளம் விரிச்சு வரவேற்றாங்க"ன்னு சொல்றோமே, அந்த வகை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். இது என் கணக்குதான், ரெக்கார்டு இல்ல. 80க்கு 40ன்னா 3,200 சதுர அடி, அதாவது 4,60,800 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 100 முடிச்சுன்னு சும்மா வெச்சுக்கிட்டாலே 4 கோடியே 60 லட்சம் முடிச்சு. கைதேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு 8,000 போட்டா, 5,760 ஆள்-நாள். தறி முன்னாடி ஆளுக்கு 2 அடின்னு 20 பேர் வரிசையா உட்கார்ந்தாலும், லீவே இல்லாம 288 நாள். சாயம் தோய்க்கிறது, நூல் நூற்கிறது எல்லாம் இதுல சேரல.

40 அடி அகலத் தறி போட எந்த நெசவாளி வீட்டுல இடம் இருக்கு? யாருக்கு அத்தனை நாள் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகும்? ஜெயில்ல ரெண்டு பிரச்சினையும் இல்ல. இடம் இருக்கு. ஆள் எங்கேயும் போக முடியாது.

சரி, கைதி கையில தறியைக் கொடுக்கணும்னு முதல்ல எப்படித் தோணுச்சு?

19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கைதின்னா சங்கிலி போட்டு ரோடு போடுற வேலைதான். 1838ல் சிறை ஒழுங்குக் குழுன்னு ஒண்ணு அறிக்கை கொடுத்துச்சு. மெக்காலே அதுல ஒரு உறுப்பினர். ஆமா, அந்த இங்கிலீஷ் கல்வி மெக்காலேதான். வெளிவேலை வேண்டாம், மதிலுக்குள்ளேயே வெச்சுக்கோங்க, ஆனா வேலை சலிப்பா, உப்புச்சப்பில்லாம, தண்டனையா இருக்கணும்னு சொன்னாங்க. அதை எதிர்த்து, கைதி உழைப்பு காசா மாறணும், சிறை தன் செலவைத் தானே பார்த்துக்கணும்னு விடாம வாதாடினவர்களில் முக்கியமானவர் பிரெடரிக் மவாட். கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரா இருந்து, 1855லிருந்து வங்காளச் சிறைகளுக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனவர். டாக்டர் நம்பர் ஒண்ணு. அந்தமான்ல கைதிக் குடியிருப்புக்கு இடம் பார்த்துச் சொன்ன குழுவுக்குத் தலைவரும் இவரே.

அதே சமயம், 1851ல் லண்டன் கண்காட்சியில இந்தியக் கம்பளங்களைப் பார்த்து வெள்ளைக்காரங்க அசந்துட்டாங்க. வீட்டுக்கு ஒண்ணு வேணும்னு ஆர்டர் குவிஞ்சது. லாகூர், ஆக்ரா, எரவாடா, பிகானேர்னு சிறைகள்ல தறி ஏறிச்சு.

அடிபட்டது வெளியே இருந்த நெசவாளி. மசூலிப்பட்டினம், ஏலூரு, நம்ம வாலாஜாபேட்டைன்னு தெக்கேயும் கம்பளம் நெய்த ஊருங்க உண்டு. கூலி கொடுக்காத முதலாளியோட எவன் போட்டி போட முடியும்? இதை 1880லேயே 'இந்தியாவின் தொழிற்கலைகள்'ங்கிற புத்தகத்துல கடுமையா எழுதினவர் ஜார்ஜ் பேர்ட்வுட். சிறைக் கம்பளம் மலிவு விலையில சந்தையைக் கெடுக்குது, பரம்பரை நெசவாளியை அழிக்குதுன்னார். பெல்காம்ல பிறந்து, எடின்பரோவுல எம்.டி. படிச்சு, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில வேலை பார்த்தவர். டாக்டர் நம்பர் ரெண்டு. பாராட்டணும். ஆனா எனக்கு ஒரு குறை: அவர் டிசைனுக்காக வருத்தப்பட்டார், வெளியே இருந்த நெசவாளிக்காக வருத்தப்பட்டார். தறி முன்னாடி குந்தி உட்கார்ந்திருந்த கைதியோட முதுகும் நுரையீரலும் ஒரு டாக்டர் கண்ணுக்கு ஏன் பெருசா படலன்னு புரியல.

சாயத்துக்கும் ஒரு வைத்தியக் கதை இருக்கு. 1856ல் வில்லியம் பெர்கின்னு 18 வயசுப் பையன், மலேரியா மருந்தான குயினினை லேப்ல செய்யப் பார்த்தான். குயினின் வரல, ஊதா நிறம் வந்துச்சு. அதுதான் செயற்கைச் சாயத்துக்கு ஆரம்பம். பழைய இந்தியக் கம்பளத்தோட அழகை மலிவுச் சாயம் கெடுத்துடுச்சுன்னு பேர்ட்வுட் மாதிரி ஆளுங்க திட்டித் தீர்த்தது இந்த வம்சத்தைத்தான்.

இப்போ டாக்டர் நம்பர் மூணு. ஜான் டைலர், ஆக்ரா சிறையோட சூப்பரிண்டெண்டென்ட். அந்தக் காலத்துல பல ஜெயில்களுக்கு சூப்பரிண்டெண்டென்ட் டாக்டர்தான். 1886ல் லண்டன் சவுத் கென்சிங்டன்ல காலனி நாடுகளின் கண்காட்சி. டைலர் ஆக்ராவிலிருந்து 34 பேரைக் கப்பலேத்திக் கூட்டிட்டுப் போனார். பார்வையாளர்கள் முன்னாடி அவங்க உட்கார்ந்து நெய்யணும், பானை வனையணும். "பரம்பரை இந்தியக் கைவினைஞர்கள்"னு ஜனங்க வாயைப் பிளந்து பார்த்தாங்க. கத்துக்கிட்டது ஜெயில்லன்னு எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

ராணிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ருடால்ப் ஸ்வோபோடாங்கிற ஓவியரை விட்டு அவங்களை வரையச் சொன்னாங்க. அந்தப் படங்கள் ஆஸ்பார்ன் மாளிகையில இன்னிக்கும் இருக்கு. அதுல ஒண்ணு, கம்பளம் நெய்ற ராம்லாலோடது. சின்னப் பையன். அந்த முகத்தை நெட்ல தேடிப் பாருங்க. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்.

இந்தப் பயணத்துக்குக் கம்பளங்களைத் தேர்ந்தெடுக்க உதவினது ஜெயில் குமாஸ்தா ஒருத்தர். பேரு அப்துல் கரீம். ஆமாங்க, 2017ல் வந்த 'விக்டோரியா அண்ட் அப்துல்' படத்து அப்துல்தான். அடுத்த வருஷம் டைலரே அவரை ராணிகிட்ட வேலைக்கு அனுப்பினார். படத்துல கம்பளம், ஜெயில் எல்லாம் லேசா தொட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா கதையோட வேரே அந்த ஜெயில்தான்.

கரீமோட அப்பா வசீருதீன் ஆக்ரா ஜெயில்ல மருத்துவ உதவியாளர். அரண்மனையில அவர் சர்ஜன் ஜெனரல்னு பேச்சு பரவிடுச்சு. அரண்மனை அதிகாரி ஒருத்தர் இந்தியாவுல நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து, "இல்லம்மா, ஜெயில் மருந்துக்கடைக்காரர்தான்"னு சொல்ல, "நீ வேற யாரையோ பார்த்துட்டு வந்திருக்கே"ன்னு ராணி நம்பவே இல்ல. எங்க பார்மசிஸ்ட் அண்ணன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம், "ஏன் டாக்டர், மருந்துக்கடைக்காரர்னா கேவலமா?"ன்னார். நியாயம்தான்.

என்னை உறுத்துறது டைலர்தான். கெட்டவர்னு சொல்ல வரல. கைதிகளுக்கு ஒரு தொழில் கத்துக் கொடுத்தார், அது பெரிய விஷயம். ஆனா அவரோட நாற்காலியை யோசிச்சுப் பாருங்க. கம்பளம் நேரத்துக்கு முடியணும்னு கவலைப்பட வேண்டியவர் அவர். நெய்ற கைதிக்கு உடம்பு முடியலன்னா வேலையிலிருந்து நிறுத்த வேண்டியவரும் டாக்டர்தான். நாள்பூரா கம்பளித் தூசி, குந்தின இடுப்பு, முடிச்சையே பார்த்துப் பார்த்து சோர்ந்துபோன கண்ணு. இருமிக்கிட்டு ஒருத்தன் வந்து நின்னா, எந்தத் தொப்பியோட அவனைப் பார்க்கிறது?

1894ல் வந்த சிறைச் சட்டம் இந்தச் சிக்கலை ஓரளவு புரிஞ்சுக்கிட்டது. பிரிவு 35 படிச்சுப் பாருங்க. கடுங்காவல் கைதியை சாதாரணமா ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. வேலை செய்ற கைதிகளை மருத்துவ அதிகாரி பார்க்கணும், குறைஞ்சது 15 நாளைக்கு ஒரு தடவை எடையை அந்தக் கைதியோட சீட்டுல ஏத்தணும். ஒரு வேலையால உடம்பு கெடுதுன்னு டாக்டருக்குத் தோணினா, அந்த வேலையை நிறுத்தி வேற வேலை கொடுக்கணும்.

தராசுதான் சாட்சி. எடை பொய் சொல்லாது. பார்க்கிறவன் பார்க்கணும், எழுதுறவன் எழுதணும், அவ்வளவுதான்.

காகிதத்துல இருந்தது எல்லாருக்கும் கிடைச்சுதா? இந்தச் சட்டம் வந்து 14 வருஷம் கழிச்சு, 1908ல், வ.உ.சி.யைக் கோவைச் சிறையில போட்டாங்க. முதல்ல சணல் இயந்திரத்தைச் சுத்துற வேலை. உள்ளங்கைத் தோல் உரிஞ்சு ரத்தம் கசிஞ்சது. 'வேற வேலை' கொடுத்தாங்க. அதுதான் செக்கு. சின்ன வயசுல பாடப்புத்தகத்துல படிச்சதுதான் எல்லாரும். டாக்டரான பிறகு படிக்கிறப்போ, அந்தக் கையைப் பார்த்த டாக்டர் என்ன எழுதியிருப்பார்னு யோசனை ஓடுது. அதே வருஷம்தான் அவரோட நண்பர் பாரதி நம்ம புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

அப்புறம் கதை வேகமா ஓடிடுச்சு. கைதிகள் செய்த சரக்கை வாங்க மாட்டோம்னு நாடுகள் சட்டம் போட ஆரம்பிச்சது. 1947 காட் ஒப்பந்தத்துலயே சிறை உழைப்பில் செய்த பொருளுக்குத் தடை போட்டுக்கலாம்னு ஒரு விதிவிலக்கு இருக்கு. 1998ல் நம்ம உச்ச நீதிமன்றம் கைதி உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்கணும்னு சொல்லுச்சு. அந்தப் பழைய சிறைக் கம்பளங்கள் இப்போ மேல்நாட்டு ஏலங்கள்ல 'ஆக்ரா', 'லாகூர்'னு ஊர் பேரோட பெரிய விலைக்குப் போகுது. நெய்தவங்க பேரு எதுலயும் இல்ல. படமா வரைஞ்சதால ராம்லால் பேராவது மிஞ்சிச்சு.

நம்ம காலாப்பட்டு சிறையில கைதிகள் இயற்கை விவசாயம் பண்றாங்க. செய்தியில நீங்களும் பார்த்திருப்பீங்க. நல்ல விஷயம், வரவேற்கிறேன்.

நேத்து அந்த நோயாளியோட ரிசல்ட் வந்துச்சு. சளியில டிபி கிருமி. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அதே எஸ்கார்ட் அதே கேள்வியோட நின்னார். சீட்டுல இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"எடை 46 கிலோ. தோட்ட வேலை இப்போதைக்கு வேண்டாம். 15 நாள் கழித்து எடை பார்த்து, சீட்டோடு அழைத்து வரவும்."